மச்சானின் மூச்சு

தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் யோகராஜின் குறட்டை அந்தத் தோட்டத்து லயம் முழுக்கப் பிரசித்தம். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க டொக்டர் நப்லா கொடுத்தனுப்பிய கருவியை, வேலை போய்விடுமே என்று பயந்து, சத்தமில்லாமல் தூங்கும் மச்சான் அஜந்தனின் விரலில் மாட்டிவிட்டிருந்தான்.

"மணிக்கு நாப்பது தடவ மூச்சு நிக்குது" என்றார் டொக்டர், கணினியைப் பார்த்தபடி. "ஓட்டும்போதே கண்ணு செருகிடும். தூங்குறப்ப போட ஒரு மாஸ்க் மெஷின் இருக்கு. அது கிடைக்கிற வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது."

யோகராஜ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். இன்று அவனுக்குப் பதிலாக லொறியோடு மலையிறங்கிக்கொண்டிருப்பவன் அஜந்தன்தான்.

"அது என் மூச்சு இல்லைங்க டொக்டர், மச்சானோடது" என்று சொல்லிக்கொண்டே போனை அழுத்தினான். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறைதான் அஜந்தன் எடுத்தான்.

"என்ன மச்சான், டெஸ்ட் பாஸா?" குரல் கொட்டாவியில் இழுத்தது.

"லொறிய ஓரங்கட்டுடா! இப்பவே!"

"கொழுந்து வாடிப்போயிரும். பெக்டரியில ஏசுவாங்க."

"வாடட்டும்டா, நிறுத்து!"

பிரேக் கிறீச்சிட்டது. இஞ்சின் அடங்கும்வரை யோகராஜ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

டொக்டர் இன்னொரு கருவியை மேசையில் வைத்தார்.

"நீங்க இன்னைக்கு வார்ட்டுலயே தூங்குங்க. நானே மாட்டிவிடுறேன்."