சுத்தமான ரத்தம்

என் கணவர் நௌஷாத்துக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷன் தினமும் என் உள்ளங்கையிலிருந்து வலிப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு, கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்திருக்கிறார். முருங்கை மரத்தடியில் கோழி கிளறிய மண்ணில் பாதி கரைந்த மாத்திரைகள் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணி வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

நிக்காஹ் பேசும்போது அவருக்கு வலிப்பு உண்டென்று எங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. கல்யாணமான புதிதில் சோற்றுத் தட்டின் முன்னால் சாய்ந்து கை கால் இழுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாமியார் கமருன்னிஸா ஓடிவந்து, "சூட்டு உடம்பு, வேற ஒண்ணுமில்ல. கதவைச் சாத்து, அடுத்த வீட்டுக்குத் தெரியப் போவுது" என்றார். நான் சாத்தவில்லை. மறுநாளே மன்னார்குடியில் பஸ் ஏறி, தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் மகள் ஹாஃபிஸா பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டாள். அத்தாவுக்கு அப்படியொரு வியாதி உண்டென்றே அவளுக்குத் தெரியாது.

அந்த டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார். "நல்லா இருக்கீங்கன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்களா நிறுத்திடாதீங்க. நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்."

இவர் வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். குவைத்துக்கு ஆள் அனுப்பும் சைபுல்லா, ஒரு கடையில் வேலை இருப்பதாகச் சொன்னார். அதற்கு முன்னால் திருச்சியில் மெடிக்கல் பாஸ் பண்ண வேண்டும். எங்கள் தெருவில் சபர் என்று வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஆண்கள் எல்லாரும் மெடிக்கலுக்கு முன்னால் ஒரு விரதம் மாதிரி இருப்பார்கள். இளநீராகக் குடிப்பார்கள், பீட்ரூட்டாகத் தின்பார்கள், சர்க்கரை மாத்திரையைக்கூட நிறுத்திவிடுவார்கள். ரத்தம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். சைபுல்லா கிளப்பிவிட்ட வைத்தியம் இது.

"ரத்தத்துல மருந்து தெரிஞ்சா அன்னைக்கே ரிஜெக்ட், நஜ்மா" என்றார் இவர், துப்பிய மாத்திரைகளைப் பற்றி நான் கேட்டதும்.

"தெரிஞ்சா வேலைதான் போவும். நிறுத்தினா உசுரு போவும் மச்சான்!"

அவர் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். "அந்த டெஸ்ட்ல இந்த மாத்திரையைத் தேடவே மாட்டாங்கம்மா. இன்னிக்கே நேர்ல கூட்டிட்டு வாங்க, எந்த அளவுல மறுபடி தொடங்கணும்னு சொல்றேன். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. ஆத்துல, குளத்துல இறங்கவே கூடாது" என்றார்.

"டாக்டர் என்ன குவைத்துக்கா போயிட்டு வந்தாரு? சைபுல்லா எத்தனை பேரை அனுப்பியிருக்காரு!" என்று இவர் சிரித்தார். அழுதேன், சண்டை போட்டேன், சோறு போட மாட்டேன் என்றேன். "புதன்கிழமை மெடிக்கல். முடிஞ்ச கையோட டாக்டர்கிட்ட வர்றேன். புள்ள மேல சத்தியம்" என்று ஹாஃபிஸாவின் தலையில் கை வைத்தார். காது சிவக்கவில்லை. நம்பினேன்.

புதன்கிழமை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அன்று ராத்திரி மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். ஹாஃபிஸா விழுந்து விழுந்து சிரித்தாள். சனிக்கிழமை டாக்டரைப் பார்ப்பதாக ஏற்பாடு.

மேட்டூர் தண்ணீர் பாமணி ஆற்றுக்கு வந்து சேர்ந்த வாரம் அது. வெள்ளிக்கிழமை காலையில் நான் மாவரைத்துக்கொண்டிருந்தபோது ஹாஃபிஸா வந்து, "அத்தா ஆத்துக்குக் குளிக்கப் போயிட்டாங்க. ஜும்மாவுக்குள்ள வந்துடுவாங்களாம். குவைத்துல ஆறு கிடையாதாம்" என்றாள். மாவுக் கையோடு ஓடினேன். படித்துறையில் சோப்பு டப்பாவும் மடித்து வைத்த கைலியும் இருந்தன. அவர் அங்கே இல்லை.

கொஞ்ச தூரத்தில் நாணல் புதரோரம் கிடைத்தார். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. சின்ன வயதில் பாலத்திலிருந்து குதித்து நீந்திய ஆள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வீடு நிறையப் பெண்கள். மாமி ஒவ்வொருவரிடமும், "படியெல்லாம் பாசி. கால் வழுக்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் குனிந்து, "நாளைக்கு ஹாஃபிஸாவுக்கு மாப்பிள்ள பாக்கணும். வாயைத் திறக்காத" என்றார். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது அலமாரி மேலிருந்த இவருடைய போனில் செய்தி வந்தது. எடுத்துப் பார்த்தேன். மெடிக்கல் பாஸ். உடம்பில் எந்தக் குறையும் இல்லையாம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வழுக்கல" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "என் மச்சானுக்கு வலிப்பு இருந்திச்சு. மாத்திரை சாப்பிட்டாரு, நல்லா இருந்தாரு. ரத்தம் சுத்தமா இருக்கணும்னு நிறுத்தினாரு. செத்துப் போயிட்டாரு."

"புருஷன் மவுத்தாகி இத்தாவுல இருக்கற பொண்ணு இப்படியா கத்துறது?" என்று மாமி என் வாயைப் பொத்த வந்தார். பாதியிலேயே கை தளர்ந்து, என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தார்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கோடி வீட்டு சாஜிதா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் மகளுக்குப் போன மாதம்தான் நிச்சயமானது. "அவளுக்கும் இருக்கு, நஜ்மா" என்றாள் என் காதருகே. "நிச்சயமானதுலேருந்து மாத்திரை குடுக்கல. உங்க டாக்டர் நம்பர் இருக்கா?"

இவருடைய போனைத் திறந்து நம்பரை எடுத்தேன். "மெதுவா சொல்லு" என்றாள் சாஜிதா. நான் உரக்கத்தான் சொன்னேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் நின்று, தங்கள் போனை எடுத்தார்கள்.