ஒரே தொட்டி

எண்ணெயும் தண்ணீரும் இன்னும் கூடவில்லை. டெல்மீரா இரும்பு ஏணியின் மேல்படியில் நின்று தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். கலக்கியின் தகடு சுற்றச் சுற்ற எண்ணெய்க் கண்கள் மிதந்து வந்து உடைந்தன. வெப்பமானி எழுபத்தைந்தைத் தொட்டு நின்றது.

"என்னடி, கூடுச்சா?" கீழே பெல்ட்டின் ஓரத்திலிருந்து ஒந்தீனா கேட்டாள்.

"இரு அக்கா. பேசாத."

"உன்கிட்டதான் பேசக்கூடாதா, தொட்டிகிட்டயுமா?"

பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். பெல்ட் ஓடவில்லை. தொட்டியிலிருந்து கிரீம் இறங்கும்வரை அவர்களுக்கு வேலையில்லை. முடியை மூடும் வெள்ளைத் தலைவலைகளோடு எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸேயிக் ஆற்றங்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் தொட்டி ஆண்களின் வேலை. பெண் ஒருத்தி ஏணியேறி இதுவரை யாரும் பார்த்ததில்லை.

கலவை பார்த்துவந்த வில்மர் லாரி ஓட்டப் போய்விட்டான். அவன் சிகரெட் பிடிக்கப் போகும்போதெல்லாம் கீழே நின்று தொட்டியைப் பார்த்துக்கொண்டது டெல்மீராதான். நேற்று மேஸ்திரி ரமீரோ அவளை நிறுத்திச் சொன்னார்: "நாளைக்குத் தொட்டி உன்னோடது. கலவை ஒழுங்கா வந்தா வேலையும் உன்னோடது."

வில்மரின் கூலி வந்தால் மன்ரோ தெருவில் பார்த்துவைத்த அறையை எடுத்துவிடலாம். இப்போது அவளும் மகளும் சித்தி மகன் வீட்டுக் கூடத்தில் சோபாவை விரித்துப் படுக்கிறார்கள். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு. உள்ளிருந்து தாழ்போடக் கதவும் உண்டு. மகள் காலையில் கேட்டது கதவைப் பற்றித்தான்.

தகட்டின் ஓசை தடித்தது. டெல்மீரா குனிந்தாள். தண்ணீரில் ஒரு மூலை வெளுத்தது. அந்த வெள்ளை ஓடிப் பரவியது. எண்ணெய்க் கண்கள் ஒவ்வொன்றாக மூடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி முழுக்கப் பாலாகி, பால் மெல்ல இறுகி, தகட்டின் பின்னால் வரிவரியாக மடிந்தது.

"கூடிருச்சு," என்றாள். பிறகு கீழே குனிந்து மறுபடியும் சொன்னாள். "அக்கா, கூடிருச்சு!"

கீழே கைதட்டல் கேட்டது. ஒந்தீனா காலி அட்டைப்பெட்டியை மேளமாகக் கவிழ்த்துத் தட்டினாள்.

பெரிய தொட்டிக்குக் கீழே சின்னத் தொட்டிகள் இரண்டு. கிரீம் பாதிப் பாதியாக அவற்றில் இறங்கும். இடதுபக்கத்தில் ரோஜா வாசனை ஊற்றினால் அது 'பெண்களின் மென்மையான சருமத்துக்கென்றே' என்று எழுதிய இளஞ்சிவப்பு டப்பாவில் போகும். வலதுபக்கத்தில் தேவதாரு ஊற்றினால் 'ஆண்களின் உறுதியான சருமத்துக்கென்றே' என்ற கறுப்பு டியூபில் போகும். கடையில் டப்பாவுக்குத்தான் விலை அதிகம்.

"என் வீட்டுக்காரன் டப்பாவைத் தொடமாட்டான்," என்றாள் ஒந்தீனா. "தொட்டா மீசை உதிர்ந்துடும்னு பயம்."

"உன் வீட்டுக்காரனுக்கு ஏது மீசை?" என்றாள் ஒருத்தி.

"அப்போ எவளோ ஏற்கெனவே தடவிவிட்டுட்டா."

டெல்மீராவும் சிரித்தாள். சிரித்தபடியே வால்வைத் திறந்து கிரீமை இறக்கி, ஏணியின் பாதியில் நின்று இடதுபக்கத் தொட்டியில் வாசனைப் புட்டியைக் கவிழ்த்தாள். ஈரமரத்தை அறுத்தது போன்ற வாசம் முகத்தில் அடித்தது. தேவதாரு.

புட்டி காலியாகியிருந்தது. கீழே சத்தம் நின்றது. எல்லோருக்கும் வாசம் போய்ச் சேர்ந்துவிட்டது. மன்ரோ தெருக் கதவு அவள் கண்முன்னே சாத்திக்கொண்டது.

ரமீரோ வந்து மூக்கை உறிஞ்சினார்.

"நான்தான் மாத்தி ஊத்திட்டேன் அண்ணே. பாதித் தொட்டி வீணாப் போச்சு."

"இதுக்கா முகம் இப்படிச் செத்துக் கிடக்கு?" அவர் குனிந்து குழாயின் பூட்டைக் கழற்றினார். "இந்தத் தொட்டிக்குக் கறுப்பு டியூபை ஓட்டச் சொல்லு. ரோஜாவை அந்தப் பக்கம் ஊத்து."

"அவ்வளவுதானா?"

"உள்ள இருக்கிறது ஒண்ணுதானே, பொண்ணே. வில்மர் மாசத்துக்கு ஒருக்கா இப்படித்தான் ஊத்துவான்."

குழாய்களை மாற்றி மாட்டினார்கள். பெல்ட் நகர்ந்தது. முதல் டியூப் நிரம்பி மடிந்து விழுந்ததும் ஒந்தீனா விசில் அடித்தாள். மேலாளர் கெல்லர் வந்து கிரீமைப் புறங்கையில் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார்.

"போன மாசத்ததைவிட வழவழன்னு இருக்கே. யார் கலவை?"

பெண்கள் எல்லோரும் ஏணியைக் காட்டினார்கள்.

சாப்பாட்டு மணி அடித்தபோது ரமீரோ ஒரு நீலத் தலைவலையையும் புது அடையாள அட்டையையும் கொண்டுவந்தார். கலவைக்காரர்களுக்கு மட்டும்தான் நீலம். ஒந்தீனா அவளுடைய வெள்ளை வலையைப் பிடுங்கிவிட்டு நீலத்தைத் தானே மாட்டிவிட்டாள். "மாப்பிள்ளை மாதிரி இருக்கடி," என்றாள்.

டெல்மீரா அட்டையைப் படித்தாள். 'கலவை உதவி' என்று இருந்தது.

"அண்ணே, உதவின்னா யாருக்கு உதவி?"

"அது பேருக்கு."

"வில்மர் அட்டையில கலவையாளர்னு இருந்துச்சு."

"அவன் ஆம்பளை. மூட்டை தூக்கணும்ல."

"காலையில மூட்டையெல்லாம் யார் தூக்கினா?"

ரமீரோ குனிந்து பெல்ட்டில் சாய்ந்து கிடந்த டப்பாவை நிமிர்த்தினார்.

"கூலி?" என்றாள்.

"இப்போதைக்குப் பேக்கிங் கூலிதான். மேல இருந்து அப்படித்தான் சொன்னாங்க. கையெழுத்து நான் போடறதில்ல. அப்புறம் பார்க்கலாம்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானத்துக்கு இன்னொரு தொட்டி இருக்கு."

அவள் நீல வலையோடு ஏணியேறினாள். கலக்கியைப் போட்டாள். எண்ணெய்க் கண்கள் உடைந்தன, மூடின. காலையைப் போலவே ஒரு மூலை வெளுத்து ஓடியது.

வால்வைத் திறந்தாள். வெள்ளைக் கிரீம் ஒரே குழாயில் இறங்கி, கீழே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் இளஞ்சிவப்பு டப்பாக்கள் வந்து நின்றன. மறுபக்கம் கறுப்பு டியூப்கள். ஒந்தீனா தலை நிமிராமல் ஒவ்வொன்றின் மேலும் பெயர்ச்சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.