புரோட்டான் நகராது

பட்டுத்துணியால் தேய்த்த கண்ணாடித் தண்டு ஏன் நேர்மின்னூட்டம் பெறுகிறது என்ற கேள்விக்கு, எட்டாம் வகுப்பில் முப்பத்தொன்பது பேர், துணியிலிருந்து புரோட்டான்கள் தண்டுக்குப் போவதால் என்று எழுதியிருந்தார்கள். ஆனி டீச்சர் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். இசைப்பிரியா மட்டும், தண்டிலிருந்து எலக்ட்ரான்கள் துணிக்குப் போய்விடுவதால் என்று எழுதியிருந்தாள்.

"இது யாரு சொன்னது?" என்று டீச்சர் அவளை எழுப்பிக் கேட்டாள்.

"எங்கப்பா, டீச்சர். புரோட்டான் உட்கருவுக்குள்ளயே கெடக்கும், தேச்சா வராதுன்னாரு."

"அப்பா என்ன வேலை?"

"பவர் பிளான்ட்ல காண்ட்ராக்ட், டீச்சர். சாம்பல் செக்‌ஷன்."

"ஓகோ. சாம்பல் அள்ளுறவருக்கு எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியுமாக்கும்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

சாயங்காலம் குவார்ட்டர்ஸில் ஏதோ உறுத்தவே டீச்சர் பாடப்புத்தகத்தை எடுத்தாள். பதினோரு வருஷமாகத் தான் கைப்பட எழுதிய நோட்டை வைத்தே பாடம் நடத்தி வந்தவள். உட்கருவிலுள்ள புரோட்டான் தேய்த்தால் அசையாது, வெளியே சுற்றும் எலக்ட்ரான்தான் இடம் மாறும் என்று ஒரே வரியில் போட்டிருந்தது. காதுமடல் சுட்டது. மார்க்கைத் திருத்திவிட்டால் போச்சு, யார் கேட்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் முதல் மணிக்கு முன்பே, வகுப்பு வாசலில் இசைப்பிரியாவின் அப்பா சிலம்பரசன் நின்றிருந்தார். வடக்குத்து கிராமத்திலிருந்து ஷிப்டுக்குப் போகிற வழி.

"எம்பொண்ணு ஒங்கள எதுத்துப் பேசிடுச்சாங்க டீச்சர். மனசுல வச்சிக்காதீங்க."

"யாரு அப்படிச் சொன்னது?"

"அதுதாங்க சொல்லுச்சு. ராவெல்லாம் அழுதுகினு இருந்துச்சு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. தப்பு என்னுதுங்க. பொகையில வர்ற சாம்பலுக்கு எலக்ட்ரான ஏத்தித்தான் தகட்டுல ஒட்ட வெப்பாங்க. இன்ஜினீயர் சார் சொல்லுவாரு, வேல செஞ்சிகினே கேப்போம். எதையோ கொழப்பி சொல்லிக்குடுத்துட்டேன் போலக்குது."

நடந்ததை அந்தப் பெண் அப்பாவிடம் மறைத்துவிட்டாள் என்று ஆனிக்குப் புரிந்தது.

"நீங்க குழப்பலைங்க. அவ எழுதுனதுதான் சரி. நான்தான் தப்பா நடத்திட்டேன்."

"அப்பிடிங்களா?" சிலம்பரசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்குப் போயி அழுதுச்சு பாருங்க. அப்ப நான் வரட்டுங்களா?"

இத்தோடு விட்டுவிடலாம். அவர் சந்தோஷமாகப் போய்விடுவார்.

"இருங்க. அவ அழுதது அதுக்கில்ல" என்று சொல்லி, முந்தின நாள் தன் வாயில் வந்த வார்த்தையை, ஒன்றும் குறைக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னாள்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"பசங்கல்லாம் இருந்தாங்களா டீச்சர்?"

"இருந்தாங்க."

"சிரிச்சாங்களா?"

"நானும் சிரிச்சேன்."

சிலம்பரசன் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டார்.

"அப்ப அங்க சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது. நான் நிக்கலைங்க. நான் நின்னா அது தலையத் தூக்காது."

அவர் வண்டி கேட்டைத் தாண்டும்போது மணி அடித்தது. ஆனி உள்ளே போனாள். நாற்பது பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். எலக்ட்ரானிலிருந்து ஆரம்பித்தால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தபடியே வந்தவள், இசைப்பிரியாவின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள்.

"நேத்து இவ அப்பாவப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன்" என்றாள். "சிரிச்சோமே, அது."