அரபியா மாவட்டத்தில் ஓர் உண்மையான அரபி

நைல் நதியின் கிழக்குக் கிளைக்கு அப்பால் இருக்கும் எங்கள் மாவட்டத்துக்குக் கிரேக்க அரசாங்கம் வைத்த பெயர் அரபியா. அரபிகளான எங்கள் பாட்டன்மார் பாலைவனப் பாதையைக் காவல் காத்தார்களாம். அதற்காக அரசர் வாய்க்கால் வெட்டும் வேலையிலிருந்து அவர்களுக்கு விலக்கு அளித்தார். நாங்கள் மூன்று தலைமுறையாக மண் வீட்டில் குடியிருந்து, வெங்காயம் பயிரிட்டு, பீர் குடித்து, அந்த விலக்கை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தோம்.

இந்த வருடம் நிகானோர் என்ற கிரேக்க எழுத்தர் புதிதாக வந்தார். கூடாரத்தில் வாழ்பவனே அரபி. வீட்டில் வாழ்பவன் எகிப்தியன், அவன் வருடத்துக்குப் பத்து நாள் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்று தமுக்கடித்தார்.

என் மனைவி ஹாகரு நான்கு வருடம் செங்கல் அறுத்துக் கட்டிய வீடு எங்களுடையது. சுவர் பூச்சு இன்னும் காயவில்லை.

"பத்து நாள் வெட்டிட்டு வாய்யா. செத்தா போயிடுவே?" என்றாள்.

"அரபி மண்ணு சுமக்கிறதாடி? மானம் போயிடும்!"

"உனக்கு எங்கடா மானம்? முதுகு வளையாது, அதைச் சொல்லு."

உண்மைதான். ஆனால் ஒப்புக்கொள்ள முடியுமா?

ஊரே கூடாரத்துக்கு ஆட்டுரோமத் துணி தேடி ஓடியது. எங்களில் ஒருவனுக்கும் கூடாரம் அடிக்கத் தெரியவில்லை. என் கூடாரம் மூன்று முறை சரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் காற்றைத் திட்டினேன். கடைசியில் பக்கத்து வீட்டு எகிப்தியன் பாசிஸ் வந்துதான் முளை அடித்தான்.

"நல்ல அரபிடா நீ சப்தி! உங்க தாத்தா பார்த்தா ஒட்டகத்தை விட்டு மிதிக்கச் சொல்லுவாரு."

நிகானோர் சோதனைக்கு வந்தார். நான் ஒட்டகப் பால் குடித்துக் காட்டினேன். அதற்கு முன் குடித்ததே இல்லை, வயிறு உறுமியது. அதை அவர் போர்க்குரல் என்று எண்ணினாரோ என்னவோ, மரியாதையாகத் தலையசைத்தார்.

"பின்னால இருக்கிற வீடு யாரோடது?"

"யாரோ எகிப்தியனோடதுங்க ஐயா. வீட்டுக்குள்ள போனாலே எங்களுக்கு மூச்சு முட்டும்."

அவர் நெகிழ்ந்துபோனார்.

"உன்னை மாதிரி அசல் அரபியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். மூணு நாள் தொலைவில ஒரு கிணறு இருக்கு, காவலுக்கு ஆள் இல்லை. நாளைக்கே கிளம்பு. அங்கேயே இருந்துக்கலாம்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே! வேறு வழியில்லை. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஹாகருவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன்.

"ஐயா, பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க. அது என் வீடுதான். இவ என் பொண்டாட்டி. பத்து நாள் என்ன, இருபது நாள் வெட்டுறேன்!"

நிகானோர் அவளைப் பார்த்தார். "இந்த ஆள் சொல்றது நிஜமாம்மா?"

அவள் கையை உதறிக்கொண்டாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"வீடு என்னோடதுங்க. நான் எகிப்தியச்சி. என் பங்கு மண்ணை நானே சுமந்துடறேன்," என்றாள்.

"அப்போ இவர்?"

"யாரோ அரபிங்க ஐயா. தண்ணி கேட்டு வந்தாரு."