மிஸஸ் ஆர்மரோடின் கடல் மயக்கம்

கப்பலில் அறைப் பணிப்பெண்ணாக வேலை பார்ப்பவளுக்குப் பொய் சொல்லத் தெரிய வேண்டும். வாந்தி எடுப்பவர்களின் தலையைப் பிடித்துக்கொண்டு, "இதோ, நாளைக்குள்ள காத்து அடங்கிரும்" என்று சொல்வதுதான் எங்கள் வேலையில் பாதி. லிவர்பூலுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே நான் சொன்ன பொய்களை மூட்டை கட்டினால் அதற்கென்று தனியாக ஒரு கப்பல் விட வேண்டியிருக்கும். ஆனால் கடல் சும்மா கிடக்கும்போது புயல் அடிக்கிறது என்று நான் சொன்னது ஒரே ஒரு பயணத்தில்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருடம், மே மாதம். கப்பலின் பெயர் 'ஆர்கோலியா'. முதல் வகுப்பில் என் பொறுப்பில் இருந்த பெரிய அறைக்கு மிஸஸ் ஆர்மரோட் வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் பஞ்சாலைகளை விட்டுவிட்டுச் செத்துப்போன ஒரு முதலாளியின் மனைவி. பிலடெல்பியாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கோடைக்காலத்தைக் கழிக்கப் போய்க்கொண்டிருந்தார். ஒட்டியிருந்த சின்ன அறை மிஸ் ஹெஸ்டர் க்வெயிலுக்கு. அவள் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மான் தீவில் ஒரு பாதிரியாரின் மகள், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மிஸஸ் ஆர்மரோடுக்குத் துணையாக இருப்பதுதான் அவளுடைய உத்தியோகம்.

துணை என்றதும் தோழி என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகம் வாசிக்க வேண்டும், கம்பளி நூலைச் சிக்கெடுக்க வேண்டும், குளிக்கிற தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும், சொன்னால்தான் உட்கார வேண்டும். இப்படியே ஒன்பது வருடம் ஓட்டியிருந்தாள்.

"ஹெஸ்டர், இந்த மெத்த ஈரமா இருக்கு."

"இல்லீங்க மேடம், தொட்டுப் பாத்தேன்."

"இன்னொரு தடவ தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் தொட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கிழவியின் கண் அடுத்து என் பக்கம் திரும்பியது.

"உன் பேரென்ன?"

"ஹாலிகன், மேடம்."

"ஐரிஷ்காரியா?"

"அப்பா அந்தப் பக்கம் மேடம். நான் லிவர்பூல்லயே பொறந்தவ."

"அப்ப வாய் நீளமா இருக்கும். என்கிட்ட வேணாம்."

அயர்லாந்துக் கரையைத் தாண்டிய உடனே கடல் அவருக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தது. உண்மையான புயல்தான், அதில் பொய் இல்லை. மிஸஸ் ஆர்மரோட் படுக்கையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. நானும் கூவைக்கிழங்குக் கஞ்சியும் காய்ந்த ரொட்டியுமாக அலைந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகள் வழுக்கி விழாமல் இருக்க மேஜைகளைச் சுற்றி மரச் சட்டம் அடித்தார்கள். சாப்பிடத்தான் ஆள் வரவில்லை.

ஹெஸ்டர் மட்டும் சாப்பிடப் போனாள். தீவுக்காரி, படகிலேயே வளர்ந்தவள், அவளை எந்த அலையும் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் கப்பலில் முதல் நாள் எந்த நாற்காலி கொடுக்கிறார்களோ அதுதான் கரை சேரும்வரை. ஹெஸ்டருக்கு ஒரு பக்கம் மிஸஸ் ஆர்மரோடின் காலி நாற்காலி, மறு பக்கம் மிஸஸ் பாஸ்கம் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்த மேஜையைக் கவனித்துக்கொண்ட ரிக்பி, சுடுதண்ணீர் பிடிக்க வந்தபோது என்னிடம் சொன்னான்.

"உங்க ஊமப் பொண்ணு நேத்து ரெண்டு தட்டு மீனு சாப்பிட்டுச்சு, தெரியுமாக்கா?"

"போடா, அது வாயத் தொறந்தே நான் பாக்கல."

"தொறந்துச்சே! அந்த அமெரிக்காக்காரம்மாவும் அதுவும் சிரிச்ச சிரிப்புல, ஏற்கெனவே வயித்தக் கலக்கிக்கிட்டு உக்காந்திருந்த ஒரு கர்னலு எந்திரிச்சே போயிட்டாரு."

அப்புறம் ஒரு காலையில் கடல் அடங்கியது. பால் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. நான் சலவைத் துணி அடுக்கிக்கொண்டிருந்த அறைக்குள் ஹெஸ்டர் வந்தாள். கூந்தல் காற்றில் கலைந்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது. வந்தவள் ஒரு மேஜைத்துணியை எடுத்து, மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"மிஸஸ் ஹாலிகன், மேடம் இன்னிக்கு எந்திரிச்சிருவாங்களா?"

"எந்திரிக்கலாம். ஏன் கண்ணு?"

"மிஸஸ் பாஸ்கம் ஒரு ஏரிக்கரையில ஓட்டல் வெச்சிருக்காங்க. பெரிய ஓட்டலு. கூட இருந்து நடத்த ஆளு வேணுமாம். என்னக் கூப்பிடுறாங்க. நியூயார்க்லேருந்தே நேரா வரச் சொல்றாங்க."

"போக வேண்டியதுதான!"

"மேடம்கிட்ட சொல்லணுமே."

"சொல்லு."

"முன்னாடியும் ரெண்டு தடவ சொல்லப் போயிருக்கேன். வாயத் தொறந்தேன். 'ஜன்னலச் சாத்து'ன்னாங்க. சாத்திட்டு வந்துட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நாள் அந்தம்மாகூட உக்காந்து பேசினேன்னா தைரியம் வந்துரும்னு தோணுது. மேடம் மேல வந்துட்டாங்கன்னா அவ்வளவுதான். அவங்க நாற்காலிக்குப் பின்னால போய் நின்னுருவேன். எனக்கே தெரியும்."

அவள் போனபின் நான் தட்டை எடுத்துக்கொண்டு மிஸஸ் ஆர்மரோடின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாலிகன், ஆட்டம் நின்ன மாதிரி இருக்கே?"

யோசிக்கவே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நின்னுச்சா! மேடம், இது அடுத்த புயலுக்கு முன்னால வர்ற சும்மா நேரம். படுங்க, படுங்க. வட்ட ஜன்னல் பக்கமே பாக்காதீங்க, தலை சுத்தும்." சொல்லிக்கொண்டே திரையை இழுத்து மூடிவிட்டேன்.

அவர் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் அந்த அறைக்குள் குடிகாரன் போலத்தான் நடந்தேன். உள்ளே நுழையும்போது தள்ளாடுவேன், அலமாரியில் இடித்துக்கொள்வேன், வெளியே வந்ததும் நேராக நடப்பேன். ஹெஸ்டரிடம் மட்டும், "மேடம் காதுல கடல்ங்கிற வார்த்தையே விழக் கூடாது, கேட்டாலே குமட்டுதாம்" என்று சொல்லி வைத்தேன். அவள் பாவம், அப்படியே நம்பினாள். சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் பிரசங்கப் புத்தகம் வாசித்துவிட்டு மேல்தளத்துக்குப் பறந்துவிடுவாள். அங்கே இரண்டு சாய்வு நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் பாஸ்கம் என்று அட்டை, மற்றதில் க்வெயில். தன் பெயர் எழுதிய நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் மனசு நிறைந்துவிட்டது, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கரை தெரிவதற்கு முந்தைய நாள் காலை. வழக்கம்போலத் தட்டோடு நுழைந்தேன். இடது பக்கம் சாய்ந்தேன், வலது பக்கம் தள்ளாடினேன், "யப்பா, என்ன ஆட்டம்!" என்றேன்.

மிஸஸ் ஆர்மரோட் தலையணையில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார்.

"ஹாலிகன்."

"மேடம்?"

"நீ சாயுற. கோப்பையில டீ ஏன் சாயல?"

தட்டைப் பார்த்தேன். கோப்பையில் டீ குளத்துத் தண்ணீர் போல அசையாமல் நின்றது. என் முகத்தில் ஈ ஆடவில்லை.

"உக்காரு."

"பயணிங்க ரூம்ல நாங்க உக்காரக் கூடாதுங்க மேடம்."

"பொய் சொல்லலாம், உக்காரக் கூடாதா? உக்காரு."

உட்கார்ந்தேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"எவ்வளவு நாளா தெரியும் மேடம்?"

"நீ ஆட ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும். நீ என் நகைய அடிக்கப் பாக்குறேன்னு நெனச்சேன். பெட்டியத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு, கையும் களவுமா பிடிக்கலாம்னு படுத்திருந்தேன்." கிழவி டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "சாயங்காலம் ஹெஸ்டர் வந்தா. மூக்கு வெயில்ல செவந்து கெடக்கு. புயல்ல ஏது வெயிலு? அந்தப் பிரசங்கப் புத்தகம் எனக்குத் தூக்கம் வர்றதுக்குன்னே வெச்சிருக்கிறது. அதுக்கு நடுவுல சிரிக்கிறா. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு, ஏதோ பாட்ட முனகிக்கிட்டே என் போர்வைய இழுத்து விட்டா. அவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது ஹாலிகன்."

கிழவி கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"யாரு? ஆம்பளையா?"

"ஓட்டலு, மேடம்."

"என்னது?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் சாத்திய கதையையும் விடவில்லை. அதைக் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓட்டல்னா பரவால்ல," என்றார் கடைசியில். "ஆம்பளைன்னா அவனுக்கும் மெத்தையத் தொட்டுத்தான் பாக்கணும்."

"அவங்க வந்து கேட்டா விட்டுருவீங்களா மேடம்?"

"மாட்டேன்."

அவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கேட்டா அழுவேன். எனக்கு அழுகையே வராதுன்னு ராக்டேல்ல பேச்சு. வரும். என் அக்கா மக கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போறேன்னப்போ அழுதே அந்தக் கல்யாணத்த நிறுத்தினவ நான். ஹெஸ்டர் என் கண்ணுல ஒரு சொட்டுப் பாத்தான்னா, சாகுற வரைக்கும் என் நூலச் சிக்கெடுத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அதனால அவ கேக்கவே கூடாது." போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்தப் பச்சை உடுப்ப எடு. பெரிய தொப்பியையும் எடு. இதப் பத்தி யாருகிட்டயாவது மூச்சு விட்டே, உன் ஆட்டத்த நேரா கேப்டன்கிட்ட போய் ஆடிக் காட்டுவேன்."

மேல்தளத்தில் காலை சூப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மிஸஸ் ஆர்மரோட் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். அவரைப் பார்த்ததும் ஹெஸ்டர் துள்ளி எழுந்தாள், சூப் பாதி அவள் பாவாடையில் கொட்டியது.

"மேடம்! நீங்க எதுக்கு..."

"ஹெஸ்டர், உன் வாசிப்பு எனக்குச் சகிக்கல. ஈரக் காலுறைய இழுக்குற மாதிரி ஒரு குரலு. நாளைக்குக் கப்பல் கரையத் தொட்டதோட உன் வேல முடிஞ்சுது. எனக்கு வேற ஆளு இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். மிஸஸ் பாஸ்கம் தன் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தார். அதற்குள் ஹெஸ்டர் பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் குரல் வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள்!

"ஒங்க மெத்தை ஈரமே இல்ல! எந்த ஊர்லயும், எந்த வீட்லயும், ஒரு மெத்தையும் ஈரமா இருந்ததே இல்ல! அந்தப் புத்தகத்தை யாரு வாசிச்சாலும் காலுறைதான்! கோழிக்கறிய நான் முழுசா சாப்பிட்டு முடிச்சதே இல்ல, பாதியில கூப்பிடுவீங்க! என் அப்பா செத்தப்போ ரெண்டே நாள்ல வரச் சொன்னீங்க!"

"முடிஞ்சுதா?"

"இல்ல!"

"சரி, மிச்சத்தையும் சொல்லு."

சொன்னாள். நானே கவனிக்காத கொடுமை எல்லாம் வெளியே வந்தது. அப்பா விஷயம் வந்தபோது மட்டும் கிழவியின் கை என் தோளில் அழுந்தியது. மற்றபடி நெட்டுக்குத்தாக நின்று கடைசிவரை கேட்டார். ஹெஸ்டர் மூச்சு வாங்கி நின்றதும் மிஸஸ் பாஸ்கம், "இனிமே அவ என் ஆளு!" என்று கப்பல் சங்கைவிடச் சத்தமாக அறிவித்தார். ஹெஸ்டரும் எல்லார் முன்னாலும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

படி இறங்கும்போது மிஸஸ் ஆர்மரோட் பாதியில் நின்றார்.

"நல்லா பேசுறா, இல்ல?" என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

மறுநாள் நியூயார்க். துறையில் பெயரின் முதல் எழுத்துப்படிதான் பெட்டிகளை இறக்குவார்கள். எழுத்துகளைப் பெரிதாக எழுதி மேலே தொங்கவிட்டிருப்பார்கள், அவரவர் எழுத்துக்குக் கீழே நின்று சுங்க அதிகாரிக்குக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆர்மரோடுக்கு 'ஓ', க்வெயிலுக்கு 'க்யூ', நடுவே 'பீ' என்று ஒரே ஒரு எழுத்துதான். மிஸஸ் ஆர்மரோடுக்குத் துணையாக நான் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். ஹெஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் ஒற்றைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், யாரும் உட்காரச் சொல்லாமலே.

அவளுடைய சோதனை சீக்கிரம் முடிந்தது. கூலியாள் பெட்டியைத் தூக்கினான். வாசலில் மிஸஸ் பாஸ்கம் குடையை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் எங்களைத் தாண்டும்போது நடை தளர்ந்தது. திரும்பினாள். பெட்டிகளுக்கு நடுவே தனியாக நின்ற கிழவியைப் பார்த்ததும் அவள் உதடு துடித்தது. ஓரடி இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மிஸஸ் ஆர்மரோட் என் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஹெஸ்டர்," என்றார் உரக்க, "தொப்பி கோணலா இருக்கு."

ஹெஸ்டரின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. கையை உயர்த்தித் தொப்பியை இன்னும் கொஞ்சம் கோணலாகத் தள்ளி வைத்துக்கொண்டு, விறுவிறு என்று வாசலை நோக்கி நடந்தாள்.

"ஏன் மேடம்? நல்ல விதமா ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே," என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கோவத்துல போறவ நேரா போவா. அழுதுக்கிட்டே போனா திரும்பி வந்துருவா. வந்தா நான் விட மாட்டேன், தெரியுமில்ல?"

வாசலுக்கு வெளியே, வண்டிகளும் கூட்டமுமாக இருந்த தெருவில் அந்தத் தொப்பி போய்க்கொண்டிருந்தது. மிஸஸ் ஆர்மரோட் நுனிக்காலில் எம்பி நின்று பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சுங்க அதிகாரி பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது அவர் காதில் விழவே இல்லை.