பரிவாரத்தோடு போன டெஸ்க்டாப்

அந்த வீட்டுச் சின்ன மருமகளுக்குத் தன் கைமேல் கொஞ்சம் அதிகமாகவே நம்பிக்கை. அதில் தப்பில்லை, கை அப்படி. ஷீல்டுகளிலும் பெயர்ப்பலகைகளிலும் எழுத்துப் பொறிக்கும் குடும்பக் கடையின் பின்னறை அவள் வசம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

தொல்லையெல்லாம் பொறிக்கும் மெஷினை ஓட்டுகிற லினக்ஸ் கம்ப்யூட்டரால்தான். அரதப்பழசு. அதன் தலையில் எந்தப் புண்ணியவானோ பளபளவென்று டெஸ்க்டாப் என்கிற திரை அலங்கார மென்பொருள் ஒன்றை ஏற்றி வைத்திருந்தான். ஜன்னல்கள் மிதந்து வந்து திறக்கும், படங்கள் தானாக மாறும். மெமரி முழுவதையும் அந்த ஆடம்பரமே விழுங்கிவிட, பொறிக்கும் ஊசி பாதி எழுத்தில் திக்கி நிற்கும். தகடு பாழ்.

கணவனின் அக்காதான் கவுண்டரில். பாழான தகட்டைத் தூக்கிப் பார்த்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சாயந்தரம் விளையாட்டுப் போட்டிக்கு அத்தனை ஷீல்டும் போயாகணும். இனி ஒரு தகடு வீணாச்சுன்னா நாளைக்கு நீ முன்னாடி வந்து பில் போடு. பின்னாடி வேற ஆளை வச்சுக்கறேன்."

"வீணாகாது அண்ணி. இந்த மெஷினுக்கு டெஸ்க்டாப்பே வேண்டாம். தூக்கிடறேன்."

தூக்கினாள். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த துணை மென்பொருள்களையும் துடைக்கச் சொன்னாள். கம்ப்யூட்டர் நீளமாக ஒரு பட்டியலைக் காட்டி, சரியா என்று கேட்டது. நம் எல்லோருக்கும் உள்ள வியாதிதான்: படிக்காமலே சரி என்றாள். பரிவாரம் கூண்டோடு கிளம்பியது. திரும்ப ஆன் செய்ததும் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆனால் ஊசி அசையவில்லை. பொறிக்கும் புரோகிராம் தனியாகக் கையால் போட்டது; கம்ப்யூட்டரின் கணக்கில் அது இல்லை. அது நம்பியிருந்த துணை மென்பொருள் ஒன்று யாருக்கும் வேண்டாததாகத் தெரிய, கம்ப்யூட்டர் அதையும் வெளியே அனுப்பிவிட்டது. திரும்ப இறக்கலாம் என்றால் இன்டர்நெட் இல்லை. வைஃபையை இணைத்துவைக்கும் மென்பொருளும் அதே கூட்டத்தோடு நடையைக் கட்டியிருந்தது.

ஒரு நிமிடம் யோசித்தாள். ஒரே நிமிடம்தான். போனைக் கேபிளில் மாட்டினால் இன்டர்நெட் வரும். ஆனால் அவள் போனில் கேபிள் செருகும் இடம் உடைந்து கிடந்தது. நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

"அண்ணி, உங்க போன் வேணும். வேண்டாததைத் தூக்கறேன்னு வேண்டியதையும் தூக்கிட்டேன்."

"அடிப்பாவி! சாயந்தரம்?"

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். குடுங்க."

சொன்ன தோரணையில் அண்ணியின் கை தானாகப் போனை நீட்டியது.

கட்டளைகளைக் கையால் அடித்து இணைப்பை உயிர்ப்பித்தாள். காணாமல் போன இரண்டு மென்பொருள்களையும் வரவழைத்தாள். இவை எனக்கு வேண்டியவை, தொடாதே என்று குறித்தும் வைத்தாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே சரி சொன்னாள். ஊசி இறங்கியது. ஒரு ஷீல்டு, அடுத்தது, அதற்கடுத்தது. எங்கும் திக்கவில்லை. அண்ணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, திரையில ஒரு படத்தையும் காணோம்?"

"படம் ஷீல்டுல வரும் அண்ணி."

சாயந்தரம் ஷீல்டுகளை வாங்க வந்த பயிற்சியாளர் பைக்குள்ளிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். அதன் வளைந்த விளிம்பில் பெயர் பொறிக்க முடியுமா என்று கேட்டார். இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவாள். இன்று வாயைத் திறந்தவள், நிறுத்திக்கொண்டாள்.

"இருங்க சார். மெஷினைப் பார்க்கிறவங்க உள்ளே இருக்காங்க. அவங்களைக் கேட்டுத்தான் சொல்லணும்."