கித்தான் டாங்கி

தியாகலிங்கம் எகிப்து வனாந்தரத்தில் யுத்த டாங்கி ஓட்டியவர் என்பது உடுவில் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். தெரியாத ஆள் ஒருவர்தான். அவர் தியாகலிங்கம்.

அதற்காக அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடக்கூடாது. 1941இல், எழுத்துவேலை, கிளறிக்கல் வேலை என்று நம்பித்தான் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார். கெய்ரோவுக்கு அப்பால் ஒரு கூடாரத்தில் வைத்து, "கேத்திரகணிதம் தெரிந்தவன் யார்?" என்று ஒரு சார்ஜன்ட் கேட்டான். படித்த திமிரில் இவர் கையைத் தூக்கினார். தூக்கிய கையில் ஒரு வாளைக் கொடுத்தார்கள், மரம் அறுக்கிற வாள். அன்றிலிருந்து இரண்டரை வருஷம் சலாகை அறுத்து, சட்டம் பூட்டி, மேலே கித்தானை இழுத்துக் கட்டி, மண்ணிறப் பெயின்ற் பூசிப் பொய் டாங்கி செய்ததுதான் அவர் கண்ட யுத்தம். ஆகாயத்தில் வருகிற ஜெர்மன்காரன் அதை அசல் என்று நம்பிக் குண்டைக் கொட்டி வீணாக்க வேண்டும். நாலு பேர் தூக்கினால் டாங்கி நடக்கும்.

"எனக்கு இங்கே டாங்கி வேலை" என்று வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மிச்சத்தைத் தகப்பனார் பார்த்துக்கொண்டார். கோயில் வீதியில் அவர் அந்தக் கடிதத்தை வாசிக்க வாசிக்க டாங்கி தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. யுத்தம் முடிந்து தியாகலிங்கம் சுன்னாகம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது மாலையோடு ஐம்பது பேர் நின்றார்கள். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்குள் கற்கண்டைப் போட்டார்கள்.

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். "நான் டாங்கி ஓட்டவில்லை" என்று சொன்னால், "அப்ப என்ன செய்தனீர்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில், தச்சுவேலை. இருபது பரப்புத் தோட்டமும் கோயிலில் ஒருநாள் திருவிழா உபயமும் உள்ள வெள்ளாளக் குடும்பத்துப் பிள்ளை சீவுளி பிடித்தான் என்று வெளியே வந்தால் என்ன ஆகும்? கொலை செய்துவிட்டு வந்தவனுக்குக்கூட அந்த ஊரில் பெண் கிடைக்கும். சீவுளி பிடித்தவனுக்குக் கிடைக்காது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அவருக்கு ஒழுங்காக வந்த வேலையே அது ஒன்றுதான். ஊருக்கு வந்தபின் அரசாங்கக் கச்சேரியில் பதினெட்டு வருஷம் பைல் கட்டினார். ஒரு பைலாவது அவருக்குச் சந்தோஷம் தந்ததில்லை. யாருடைய வீட்டிலாவது கதவு கோணி நின்றால் கை துருதுருக்கும். இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

இப்படியிருக்க, 1963இல் வாசிகசாலையின் வெள்ளிவிழாக் கண்காட்சி வந்தது. தலைவர் பஞ்சலிங்கம் மாஸ்டர். இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர், ஊரின் மானத்தைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் திரிபவர். ஒருநாள் காலை அவர் தியாகலிங்கத்தின் வாசலில் வந்து மணி அடித்தார்.

"தியாகலிங்கம், எங்கடை ஊருக்கெண்டு இருக்கிற ஒரே வீரன் நீர்தான். நீர் ஓட்டின டாங்கியை அப்பிடியே சின்னனாச் செய்து வைக்கப்போறம். விளையாட்டுச் சாமான் இல்லை. சரித்திரப்படி, அளவுப்படி, ஆணி பிசகாமல் இருக்கவேணும்."

"நான் செய்யிறதோ, மாஸ்டர்?" தியாகலிங்கத்தின் குரலில் ஒரு ஆசை எட்டிப்பார்த்தது.

"சீச்சீ, நீர் ஏன் செய்யிறீர்? ஏரம்பு ஓடாவி செய்வான். நீர் பக்கத்திலை இருந்து சொல்லும்."

ஏரம்பு கோயில் வாகனங்கள் செய்கிற தச்சர். தியாகலிங்கத்தின் வீட்டுப் பின்பக்கத்து விறகறையைக் கூட்டி அவருக்கு ஒதுக்கினார்கள். மாஸ்டர் யாழ்ப்பாண நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்து கொடுத்தார். அதில் குரூசேடர் என்ற ஆங்கிலேய டாங்கியின் படம் இருந்தது, பக்கவாட்டுப் படம் மட்டும். ஏரம்பு அதைப் பார்த்து வேப்பங்கட்டையில் இரண்டு நாள் செதுக்கினார். யானை வாகனம் தும்பிக்கையை நீட்டி நின்றதுபோல் ஒன்று வந்தது.

"பின்பக்கம் எப்பிடி, ஐயா?" என்று கேட்டார் ஏரம்பு.

டாங்கி ஓட்டியவருக்கு அசல் டாங்கியின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனால் தான் செய்த டாங்கி, பின்பக்கம் முன்பக்கம் மேல் கீழ் எல்லாம், பதினெட்டு வருஷமாகியும் அவருடைய கைக்குள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. "உதை இஞ்சை தாரும்," என்று வாளை வாங்கினார். பனஞ்சலாகை ஒன்றை அளந்து, அறுத்து, மூலைப்பொருத்து வெட்டி, இரண்டு துண்டையும் சேர்த்தார். இடையில் ஒரு தலைமயிர் போகாது.

ஏரம்பு அந்த மூலையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். தடவிவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"உது பழகின கை, ஐயா. எங்கை பழகினனீங்கள்?"

பதினெட்டு வருஷம் ஒருவருக்கும் சொல்லாததைத் தியாகலிங்கம் ஏரம்புவுக்குச் சொன்னார். சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. ஏரம்பு எழும்பிப் போய்க் கதவை உட்பக்கமாகக் கொளுவினார்.

"அப்ப நீங்கள் செய்யுங்கோ," என்றார். "நான் தட்டுறன்."

அடுத்த மூன்று கிழமையும் அப்படித்தான் நடந்தது. ஏரம்பு கவிழ்த்த பெட்டியில் குந்தியிருந்து பேப்பர் வாசித்தபடி, அயலுக்குக் கேட்கக் கொட்டாப்புளியால் வெறும் பலகையில் தட்டினார். தியாகலிங்கம் சத்தமில்லாமல் வேலை செய்தார். மனைவி கமலாவதி இருவருக்கும் தேத்தண்ணி வைப்பாள். கணவருக்கு வீட்டார் குடிக்கிற மூக்குப்பேணியில், ஓடாவிக்கென்று புறம்பாக வைத்திருந்த தகரப்பேணியில். வேலை செய்பவர் கைக்குக் கிட்ட இருந்த தகரப்பேணியை எடுத்துக் குடித்துவிடுவார். தட்டுபவர் வேறு வழியில்லாமல் மூக்குப்பேணியை அண்ணாந்து ஊற்றுவார்.

"தட்டுறது ஓடாவி," என்றாள் கமலாவதி ஒருநாள். "உங்கடை வேட்டியிலை ஏன் சீவல்?"

"பக்கத்திலை இருந்து சொல்லுறனெல்லே. பறந்து வந்து ஒட்டுது."

அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் டாங்கி வளர்ந்தது. சில்லு உருளாது, ஏனென்றால் அன்றைக்கும் சில்லும் சங்கிலியும் கித்தானில் கீறிய படம்தான். மூடி திறக்காது. பீரங்கி ஒரு மூங்கில் தடி. நாலு பேர் பிடித்துத் தூக்கும் கயிற்றுக் கண்ணிகளைக்கூட உள்ளே, ஒருவருக்கும் தெரியாத இடத்தில், அவர் விடாமல் கட்டினார். சரித்திரப்படி துல்லியம் கேட்டார்கள். அதைவிடத் துல்லியம் யாராலும் கொடுக்க முடியாது. அது பொய்யின் துல்லியம் என்பது உடுவிலில் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த மூன்று கிழமையும் தியாகலிங்கம் பசியோடு சாப்பிட்டார், நிம்மதியாகப் படுத்தார்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்க மாஸ்டர் வந்தார். முகமெல்லாம் பல்.

"திறந்து வைக்க ஆர் வாறது தெரியுமோ? மிஸ்டர் கார்விக். வன்னியிலை குளக்கட்டு வேலைக்கு வந்திருக்கிற வெள்ளைக்கார இஞ்சினியர். எகிப்திலை டாங்கிப் படையிலை கப்டனா இருந்தவராம். உம்மடை டாங்கியைப் பாக்கத்தான் ஓமெண்டவர்."

தியாகலிங்கம் விறகறைக்குள் போய் டாங்கியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெள்ளைக்காரன் ஒருமுறை தூக்கினால் போதும், வெறுங்கூடு என்று தெரிந்து பதினெட்டு வருஷத்து மாலையும் கற்கண்டும் போய்விடும். மூத்த மகளுக்கு வட்டுக்கோட்டையில் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற நேரம் வேறு.

"உள்ளுக்கை ரெண்டு கல்லு வைப்பமே, ஐயா?" என்றார் ஏரம்பு. "பாரமா இருந்தால் நம்புவார்."

நல்ல யோசனை. தியாகலிங்கம் முற்றத்தில் கல்லும் பொறுக்கி வந்தார். டாங்கியைக் கவிழ்த்து, அந்த மெல்லிய சட்டத்தின்மேல் கல்லைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் கல்லைக் கீழே போட்டார்.

"வேண்டாம். சட்டம் நெளியும்."

கண்காட்சியன்று வாசிகசாலை மண்டபம் நிறைந்து, சனம் வேலியோரமும் நின்றது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் டாங்கி. பக்கத்தில் ஒரு மட்டை: "குரூசேடர் டாங்கி. ஓட்டியவர்: திரு. தியாகலிங்கம்." ஏரம்புவின் பேர் எழுத மட்டையில் இடம் போதவில்லையாம்.

கார்விக் நெடிய மனிதர். குனிந்து டாங்கியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, தியாகலிங்கம் பயந்தபடியே, இரண்டு விரலால் அதைத் தூக்கினார். அடியில் எட்டிப் பார்த்தவர் கயிற்றுக் கண்ணிகளைக் கண்டார். மண்டபம் அதிரச் சிரித்தார். தியாகலிங்கம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒலிவாங்கியில் கார்விக் ஆங்கிலத்தில் பேசினார். இது டாங்கி அல்ல, டாங்கிபோல் செய்த கித்தான் கூடு என்றார். இப்படி நாற்பது கூடுகளை ஒரு பின்னேரம் முழுவதும் எதிரி விமானங்கள் குண்டு போட்டு அழித்தன, ஒரு மைலுக்கு அப்பால் நானும் என் ஆட்களும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உயிரோடு இருந்தோம் என்றார். அதைச் செய்த தச்சன் எவனோ, அவனுக்கு நான் என் உயிரைக் கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் விளங்கும். விளங்காததுபோல் இருந்தார்கள். பஞ்சலிங்கம் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"துரை என்ன சொல்லுறாரெண்டால், டாங்கி அசலைப்போலையே இருக்குதாம். எங்கடை தியாகலிங்கத்தாரைப்போலை வீரர்கள் ஓட்டினபடியால்தான் தான் உயிர் தப்பினதாம்."

கைதட்டல் எழுந்தது. தியாகலிங்கமும் எழுந்தார். எப்படி மேடைக்குப் போனார் என்று பிறகு அவருக்கே ஞாபகமில்லை. ஒரு மனிதன் தன் உயிரை இவருடைய கைவேலைக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொன்னபின் அவரால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"நான் டாங்கி ஓட்டேல்லை," என்றார் ஒலிவாங்கியில். "ஒருநாளும் ஓட்டேல்லை. துரை சொன்ன தச்சன் நான்தான். அங்கையும் செய்தது நான். இஞ்சை மேசையிலை இருக்கிறதும் நான் செய்தது. ஏரம்பு சும்மா தட்டினவர்."

மாஸ்டர் அவருடைய கையிலிருந்து ஒலிவாங்கியை மெல்லக் கழற்றி எடுத்தார்.

"பாத்தியளே சபையோரே, இவரின்ரை தன்னடக்கத்தை," என்றார் தழுதழுத்த குரலில். "ஒரு ஏழைத் தொழிலாளியின்ரை வேலையைப் பெருமைப்படுத்த வேணுமெண்டதுக்காகத் தன்ரை வீரத்தையே மறைக்கிறார்."

முன்னையதைவிடப் பெரிய கைதட்டல். டாங்கி ஓட்டியதற்காக வெள்ளிக் கிண்ணத்தைக் கார்விக்கின் கையாலேயே அவருக்குக் கொடுப்பித்தார்கள். கார்விக் அவருடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலடியில் உளி வெட்டிய புதுக்காயம் இருந்தது.

"நீர் உண்மையைத்தானே சொன்னீர்? ஏன் கைதட்டுகிறார்கள்?" என்று மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதை நம்பாதபடியால், சேர்," என்றார் தியாகலிங்கம்.

செய்தவருக்கு என்று நினைத்திருந்த பரிசு ஒரு நாலுமுழ வேட்டி. அதை மண்டபத்தின் பின்கதவடியில் ஏரம்புவிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் கமலாவதி கிண்ணத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள். சாப்பாடு போடும்போதுதான் வெடித்தாள்.

"ஒரு மனிசன் ஊருக்கு முன்னாலை எவ்வளவோ பொய் சொல்லலாம். தச்சுவேலை செய்தனான் எண்டு பொய் சொல்லலாமோ? வட்டுக்கோட்டையார் கேட்டால் நான் என்ன சொல்ல?"

"அது பொய் இல்லையப்பா."

"சாப்பிடுங்கோ," என்றாள் கமலாவதி. அவளோடு இன்னும் இருபது வருஷம் வாழப்போகும் மனிதர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஏரம்பு வந்தார். வேட்டிப் பார்சலைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினார்.

"இது செய்தவருக்கு எண்டு தந்தது, ஐயா. என்னட்டை இருக்கிறது ஞாயமில்லை."

தியாகலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். வெள்ளிக் கிண்ணம் வாங்கியபோது வராத அழுகை இப்போது வந்தது. துடைக்கவும் இல்லை.

"இன்னொண்டு," என்றார் ஏரம்பு, தலையைச் சொறிந்துகொண்டு. "வட்டுக்கோட்டை வாசிகசாலையார் எனக்கு ஒரு யுத்தக் கப்பலுக்குச் சொல்லிப்போட்டினம். எனக்கு உந்தக் கித்தான் வேலை வராது. நீங்கள் வராட்டில் என்ரை மானம் போம்."

தியாகலிங்கம் உள்ளே போய்ப் பரிசு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை தன் வீட்டு விறகறை வேண்டாம், ஏரம்புவின் தச்சுப் பட்டடைக்கே போவோம் என்றார். அங்கே போய்ச் சேர்ந்ததும், கதவைக் கொளுவ எழும்பிய ஏரம்புவை இருக்கச் சொன்னார். கொட்டாப்புளியையும் எடுத்துத் தூர வைத்தார்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தெருவால் வந்த பஞ்சலிங்கம் மாஸ்டர் திறந்த வாசலில் சைக்கிளோடு நின்றுவிட்டார். உள்ளே தியாகலிங்கம் வேட்டியை மடித்துக்கட்டி, முழங்கை வரை சீவலோடு, பலகையில் சீவுளியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஏரம்பு பலகையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"ஏரம்பு," என்றார் கடுமையாக, "ஐயாவிட்டைச் சீவுளியைக் குடுத்துப்போட்டு என்ன வேடிக்கை பாக்கிறாய்?"

தியாகலிங்கம் ஒரு கண்ணை மூடி, பலகையின் விளிம்பைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அதில் மாஸ்டரின் நிழல் விழுந்திருந்தது.

"மாஸ்டர், கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ," என்றார். "வெளிச்சம் மறைக்குது."